கை நீளமானவனோடு மறுபடியும் ஒரு சண்டை: கேள்வி பதில்

ஹட்டனில் சின்ன மண்டபம் ஒன்றில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் சொல்லிக்கொடுக்கிறேன். மலையகத்திலிருந்து எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக் கூண்டுக்குள் போகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது ஒரே விஷயம்தான்: தன்னைவிடக் கை நீளமானவனிடம் ஒரு தடவை தோற்றாச்சு, இரண்டாவது தடவை என்ன செய்வது? இந்த வாரம் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

தலவாக்கலை: மாஸ்டர், எனக்கு 21 வயசு. கொழும்புல அமெச்சூர் போட்டியில புள்ளியில தோத்துட்டேன். அவன் என்னைவிட நாலு அங்குலம் உயரம், கையும் நீளம். கிட்ட போகவே விடல. முன்னால இருக்கிற கையால நேரா போடுற ஜாப்பாலேயே மூணு ரவுண்டையும் முடிச்சிட்டான். ஆறு வாரத்துல அதே ஆளோட திரும்பவும் சண்டை. எங்க இருந்து தொடங்க?

தம்பி, முதலில் அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் பாருங்க. பக்கத்தில் ஒரு கொப்பி. உங்கள்மேல் சுத்தமாக விழுந்த ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு போடுங்க. கோட்டுக்குப் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்க: உள்ளே போகும்போது, உள்ளே நிற்கும்போது, வெளியே வரும்போது. என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாருமே "உள்ள போகும்போதுதான் மாஸ்டர் வாங்கினேன்" என்பார்கள். எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் வெளியே வரும்போது வாங்கியதாக இருக்கும். ஒரு குத்து போட்டுவிட்டு நேராகப் பின்னுக்கு வருவார்கள், கை இறங்கியிருக்கும், தாடை தூக்கியிருக்கும். நீளமான கைக்கு அதைவிட வசதி வேறு கிடையாது.

உங்கள் தோட்டத்தில் சிலம்பம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவர் கம்பு சுற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்க. அடி கம்பின் நுனியில் இருக்கிறது. அதே கம்பு பிடிக்குப் பக்கத்தில் பட்டால் தள்ளும், அவ்வளவுதான். நீளமான கையும் இப்படித்தான். அது முழுசாக நீளும் இடத்தில்தான் பலம். ஆகவே உங்களுக்குப் பாதுகாப்பான இடம் இரண்டே இரண்டு. ஒன்று, அவன் கையும் காலும் எட்டாத தூரம். இன்னொன்று, உங்கள் நெற்றி அவன் நெஞ்சில் முட்டுகிற தூரம். இடையில் இருக்கிற இரண்டடி இருக்கிறதே, அதைக் கடக்கலாம், அங்கே நிற்கக் கூடாது. நீங்கள் மூன்று ரவுண்டும் அங்கேதான் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

கடப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். அவன் சும்மா நிற்கும்போது பாய்ந்தால் ஜாப் உங்கள் மூக்கில் காத்திருக்கும். அவன் ஜாப் போட்டுக் கையை இழுக்கிற அந்த நொடியில், அந்தக் கைக்குப் பின்னாலேயே போங்க. அதற்கு அவனை ஜாப் போட வைக்க வேண்டும். தோளை அசைத்துப் போக்குக் காட்டுங்க, அரை அடி வைத்துத் திரும்ப எடுங்க. மூன்றாவது தடவையாவது அவன் கை வரும். அப்போது தலையை மட்டும் சாய்த்தால் போதாது, உங்கள் முன்காலும், அதாவது முன்னால் வைத்திருக்கிற காலும், அவன் முன்காலுக்கு வெளியே போய் ஊன்ற வேண்டும். முதல் குத்தை முகத்துக்குப் போடாதீங்க, நெஞ்சுக்குப் போடுங்க. தலையை அவன் லேசாகப் பின்னுக்கு இழுத்துவிடுவான். நெஞ்சை அப்படி இழுக்க முடியாது. அந்தக் குத்து அவனை நோகடிக்காவிட்டால் பரவாயில்லை, உங்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அடுத்து விலாவுக்கு வளைத்துப் போடுகிற ஹூக். கை நீட்டிச் சண்டை போடுகிறவனுக்கு விலா திறந்துதான் இருக்கும்.

வெளியே வரும் வழியையும் உள்ளே போகும் முன்பே தீர்மானித்துவிடுங்க. ஒன்று, பக்கவாட்டில் சுழன்று வருவது. இரண்டு, வெளியே வராமலே கட்டிப்பிடித்து அவனைக் கம்பி வலையில் சாய்ப்பது. மூன்றாவது வழி கிடையாது.

பதுளை: நேட் டயஸோட மெக்ரெகர் இரண்டாவது சண்டையில ஜெயிச்சது காலுக்கு உதைச்சுத்தான்னு சொல்றாங்க. உண்மையா மாஸ்டர்?

பாதி உண்மை. இரண்டு பேரும் எம்எம்ஏ வீரர்கள். 2016 மார்ச்சில் நடந்த முதல் சண்டையில் மெக்ரெகர் இடது கையை மட்டும் நம்பிப் பெரிய பெரிய குத்தாக வீசினார். இரண்டாவது ரவுண்டிலேயே மூச்சு வாங்கியது. டயஸின் நீளக் கை அவரைக் குலைத்தது, கடைசியில் பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டி முடித்தார். டயஸின் ரீச், அதாவது விரித்த இரண்டு கையின் நீளம், 76 அங்குலம், மெக்ரெகருடையது 74. அதே ஆண்டு ஆகஸ்ட் 20இல் திரும்ப மோதியபோது டயஸின் முன்காலைத் திரும்பத் திரும்ப உதைத்தார். கால் எப்போதும் கையைவிட நீளம், எதிராளியின் முன்கால்தான் உங்களுக்கு மிகக் கிட்ட இருக்கிற இலக்கு. அந்தக் கால் நொந்தால் அதை ஊன்றிப் போடுகிற ஜாப்பும் செத்துப்போகும்.

ஆனால் உதையைவிடப் பெரிய மாற்றம் அவர் தன் மூச்சைப் பங்கு வைத்தது. முதல் இரண்டு ரவுண்டில் டயஸை மூன்று தடவை விழுத்தினார். மூன்று தடவையும் தரையில் பின்தொடர்ந்து போகாமல் "எழும்பு" என்று சைகை காட்டி நின்றார். தரையில் டயஸ் ஆபத்து என்று முதல் சண்டை அவருக்குச் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் மூன்றாவது ரவுண்டில் திணறினார். தீர்ப்பு 48-47, 47-47, 48-47. ஒரு நடுவருக்குச் சமன். அவ்வளவு நூலிழை வெற்றி.

உதைப்பதில் ஒரு எச்சரிக்கை. 2013 டிசம்பரில் ஆண்டர்சன் சில்வாவுக்கும் கிறிஸ் வைட்மனுக்கும் நடந்ததும் இரண்டாவது மோதல்தான். வைட்மன் முழங்காலைத் தூக்கித் தடுத்தார், உதைத்த சில்வாவின் கால் எலும்பு முறிந்தது. அதே வைட்மனுக்கு 2021 ஏப்ரலில் யூரையா ஹாலை உதைத்தபோது முதல் உதையிலேயே அதே கதி. எதிராளியின் எடை முன்காலில் ஏறியிருக்கும்போது மட்டும் உதையுங்க. ஜாப் போட்ட உடனே எடை அங்கேதான் இருக்கும், காலைத் தூக்கித் தடுக்க அவனுக்கு நேரம் இருக்காது.

மஸ்கெலியா: மாஸ்டர், நான் பொண்ணு, 52 கிலோ. எங்க பக்கத்துல ஸ்பாரிங்குக்கு, அந்தப் பயிற்சிச் சண்டைக்கு, என்னைவிட உயரமான பொண்ணே இல்ல. நீளமான கைக்கு எப்படிப் பழகுறது?

தங்கச்சி, இந்தக் குறை எனக்கும் இருந்தது. உங்களைப் போலவே குள்ளமான ஒரு பிள்ளைக்கு எதிரே நிறுத்த ஆள் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால் கிடந்த மூங்கிலில் ஐந்தடி வெட்டி, நுனியில் பழைய மெத்தைப் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் கிழிந்த ஒரு கிளவ்ஸை மாட்டிக் கயிறால் இறுக்கிக் கட்டினேன். நான் படிக்கட்டில் ஒரு படி மேலே நின்றேன், அவள் கீழே. கிளவ்ஸ் அவள் நெற்றிக்கு நேராக வரும், போகும்.

முதல் நாள் ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடினாள். கண் மூடினால் எதுவும் நடக்காது. அதனால் ஒரு கிழமைக்கு அடிக்கவோ குனியவோ விடவில்லை. நெற்றியில் மெதுவாகத் தொடுவேன், அவள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதுதான் பயிற்சி. இரண்டாவது கிழமை, கம்பு வரும்போது பின்னால் வைத்திருக்கிற கையின் உள்ளங்கையால் இரண்டு அங்குலம் மட்டும் தட்டிவிடுவது. பிள்ளைகள் கம்பைத் துரத்திக்கொண்டு கையை வீசுவார்கள், அது கூடாது. கை தாடையை விட்டுப் போனால் அடுத்த அடி அங்கே வரும். மூன்றாவது கிழமைதான் கம்பு திரும்பும்போது கூடவே உள்ளே வந்து என் நெஞ்சில் நெற்றியை வைப்பது. அதன் பிறகு அவளை ஆண் பிள்ளைகளோடு மெதுவான ஸ்பாரிங்கில் விட்டேன். உயரமான தம்பியோ மச்சானோ இருந்தால் உங்களுக்கும் போதும். அவர் ஜாப்பும் முன்காலால் தள்ளுவதும் மட்டும் செய்யட்டும், வேறு எதுவும் வேண்டாம்.

பண்டாரவளை: ரீச்சை எப்படி அளக்கிறாங்க? உயரமானவனுக்கு எல்லாம் ரீச் கூடவா?

இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்ற நுனி வரை அளப்பது. தோள் அகலமும் அதில் சேர்ந்துவிடும். பொதுவாக உயரத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் எப்போதும் இல்லை. எம்எம்ஏ வீரர் மேக்ஸ் ஹாலோவே 5 அடி 11 அங்குலம், ரீச் 69. அவரை மூன்று தடவை வென்ற வோல்கனோவ்ஸ்கி 5 அடி 6 அங்குலம்தான், ரீச்சோ 71 அங்குலத்துக்கு மேல். பார்க்கிறவர்கள் குள்ளமானவர் எப்படி எட்டுகிறார் என்று அதிசயப்பட்டார்கள். உங்கள் எதிராளியின் உயரத்தைப் பார்த்துப் பயப்படாமல், வீடியோவில் அவன் கை எங்கே வரை வருகிறது என்று பாருங்க.

நாவலப்பிட்டி: நான் மல்யுத்தக்காரன். பேசாம காலைப் பிடிச்சு விழுத்திட்டா என்ன?

நல்ல வழிதான், ஆனால் வெறும் வெளியில் தூரத்திலிருந்து பாய்ந்தால் பிடிக்க மாட்டீர்கள். அவன் குத்தும்போது பாயுங்க, அப்போதுதான் இடுப்பு முன்னுக்கு வரும், கைகள் மேலே இருக்கும். இல்லையென்றால் முதலில் கூண்டுச் சுவர் வரை துரத்துங்க. துரத்துவது என்றால் அவன் பின்னாலேயே போவது இல்லை, அவன் போகிற பக்கத்தில் ஒரு அடி முன்கூட்டியே போய் மறிப்பது. முதுகு வலையில் பட்டவனுக்கு நீளம் உதவாது, பின்னுக்குப் போக இடம் இல்லை.

பிடித்த பிறகும் கவனம். நீளமான கை கில்லட்டினுக்கு, அதாவது முன்னாலிருந்து கையால் கழுத்தைப் பூட்டுவதற்கு, நன்றாகப் பொருந்தும், உங்கள் தலை அவன் விலாவோடு ஒட்டி, பார்வை மேலே இருக்கட்டும். கீழே விழுந்தபின் நீளமான கால் ட்ரையாங்கிள் தேடும், அதாவது இரண்டு காலாலும் உங்கள் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டப் பார்க்கும். உங்கள் கை இரண்டும் அவன் கால்களுக்கு உள்ளே, அல்லது இரண்டும் வெளியே. ஒன்று உள்ளே ஒன்று வெளியே என்றால் நீங்களே கழுத்தைக் கொடுத்த மாதிரி.

ஹப்புத்தளை: டைசன் மாதிரி குனிஞ்சு குனிஞ்சு போனா?

டைசன் 5 அடி 10, ரீச் 71 அங்குலம், உயரமானவர்களை எல்லாம் அப்படித்தான் உடைத்தார். ஆனால் அது குத்துச்சண்டை, அவர் எதிரே நின்றவர்களுக்கு முழங்காலால் இடிக்க அனுமதி இல்லை. எம்எம்ஏயில் இடுப்புவரை குனிந்தால் முகம் முழங்காலுக்கு நேரே போகும். சில அமெச்சூர் விதிகளில் தலைக்கு முழங்கால் கூடாது என்பதால் பிள்ளைகள் குனிந்து பழகிவிடுகிறார்கள். பிறகு தொழில்முறைக்குப் போகும்போது அந்தப் பழக்கம் அவர்களைக் கொல்லும். முழங்காலை மடித்து இறங்குங்க, இடுப்பை மடிக்காதீங்க.

பொகவந்தலாவை: தம்பி, நான் ஒரு அம்மா. மகன் போன சண்டையில மயங்கி விழுந்தான். ரெண்டு நிமிஷம் என்ன நடந்ததுன்னே தெரியல. இப்ப அதே பையனோட மறுபடி சண்டை போடணும்னு நிக்கிறான். நான் என்ன சொல்ல?

அக்கா, உத்தியைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம். மயங்கி விழுந்தவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, டொக்டர் எழுத்தில் சம்மதம் தரும்வரை ஸ்பாரிங்கூட கிடையாது. வீட்டில் நீங்கள் பாருங்க: அடிக்கடி தலைவலி, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், தூக்கம் மாறியது, சின்ன விஷயத்துக்குக் கோபம், சொன்னதை மறப்பது. இதில் ஒன்று இருந்தாலும் மூளை இன்னும் ஆறவில்லை. ஆறாத தலையில் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. எதிராளி ஓடிப்போக மாட்டான், அடுத்த வருடமும் இருப்பான். மகனிடம் நான் பேச வேண்டுமானால் கூட்டிக்கொண்டு வாங்க, நானே சொல்கிறேன்.

நுவரெலியா: நாங்க உயரத்துல இருக்கிறவங்க, மூச்சு கூட. அவன் கொழும்புக்காரன். மூணாவது ரவுண்டுல அவன் களைச்சுப் போவான்தானே?

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், உண்மைதான். ஆனால் அதை நம்பிப் போகாதீங்க. நம் பிள்ளைகளைக் கொழும்பில் விழுத்துவது எதிராளியைவிடப் புழுக்கம்தான். குளிரில் பழகிய உடம்பு அங்கே வியர்த்துக் கொட்டும், இரண்டாவது ரவுண்டில் கால் கல்லாகும். வெப்பத்துக்கு உடம்பு பழகப் பத்து நாளிலிருந்து இரண்டு கிழமை வேண்டும். கொழும்பில் கடையில் வேலை செய்கிற சொந்தக்காரர் யாராவது இல்லாத வீடு நம்மிடம் குறைவு. அங்கே போய்த் தங்கி, மத்தியானத்தில் லேசாக ஓடுங்க. போட்டிக்கு முதல் நாள் பஸ்ஸில் இறங்கிப் போய் நேராக எடை காட்டி ஏறுவது வேண்டாம்.

கம்பளை: மாஸ்டர், நான் தலைகீழ். நீளமான ஆளை முதல் தடவை நான்தான் நாக்அவுட் பண்ணேன். அதே திட்டத்தோட போகலாமா?

டேனியல் கோர்மியர் 2018 ஜூலையில் தன்னைவிட ஏழு அங்குலத்துக்கு மேல் ரீச் கூடிய மியோசிச்சை முதல் ரவுண்டிலேயே விழுத்தினார். கட்டிப்பிடித்துப் பிரிகிற இடத்தில் போட்ட வலது கைக் குத்து. 2019 ஆகஸ்டில் திரும்ப மோதியபோதும் முதல் மூன்று ரவுண்டில் நன்றாகத்தான் போனார். நான்காவதில் மியோசிச் விலாவுக்கு இடது ஹூக்காகப் போட ஆரம்பித்தார், ஒன்று, இரண்டு, மூன்று என்று. கோர்மியரின் கை இறங்கியது, தலை திறந்தது, முடிந்தது. உங்கள் எதிராளியும் இப்போது கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருப்பான். உங்களை அவன் எங்கே அடிக்கலாம் என்று நீங்களே அந்த வீடியோவில் தேடுங்க, அந்த ஓட்டையை இப்போதே அடைத்துவிடுங்க.

தலவாக்கலை, மறுபடியும்: மாஸ்டர், கோடு போட்டுப் பார்த்தேன். மொத்தம் 31. அதுல 19 வெளிய வரும்போது. நீங்க சொன்னது சரி. முதல் நிமிஷத்துல என்ன செய்யட்டும்?

உட்கார்ந்து எண்ணியதற்கே எனக்குச் சந்தோஷம் தம்பி. முதல் நிமிடத்தில் அவன் நீங்கள் போன தடவை மாதிரி நேராக வருவீர்கள் என்று எதிர்பார்ப்பான். வராதீங்க. எட்டாத தூரத்தில் நின்று அவன் முன்னால் வைத்திருக்கிற கைப் பக்கத்துக்கு வெளியே சுற்றுங்க. இரண்டு தடவை போக்குக் காட்டி அவன் ஜாப் எவ்வளவு தூரம் வருகிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்க. ஜாப் வந்து திரும்பியதும் முன்காலுக்கு ஒரு உதை, உடனே பக்கவாட்டில் வெளியே. அவன் விரல்களை விரித்துக் கையை முகத்துக்கு நேரே நீட்டிவைத்தால் ரெஃபரியிடம் சொல்லுங்க, அது விதிப்படி ஃபவுல், கண்ணுக்கு ஆபத்து. சண்டைக்கு முன் விதிமுறை சொல்லும்போதே அதைக் கேட்டு வைத்துவிடுங்க.

திங்கட்கிழமை மண்டபத்துக்கு வாங்க. மூங்கில் கம்பு இன்னும் இருக்கிறது, கிளவ்ஸ்தான் புதிதாகக் கட்ட வேண்டும். பழையது ஒன்று இருந்தால் எடுத்து வாங்க.