டாங்கி நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவார்கள்?

(ராணுவம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, ராணுவத்தின் பழுதுபார்க்கும் படையான இ.எம்.இ. (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் மெக்கானிக்கல் இன்ஜினீயர்ஸ்) பிரிவில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வுபெற்ற வேலூர்க்காரர் பதில் சொல்கிறார்.)

ராணுவ இன்ஜினீயர் என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ்தானே? வண்டி ரிப்பேரும் அவர்கள் வேலையா?
- வாசகர், தருமபுரி

இல்லைங்க. பாலம், பாதை, கண்ணிவெடி எல்லாம் சாப்பர்ஸ் வேலை. டாங்கி, லாரி, பீரங்கி, ரேடார், கைத்துப்பாக்கி என்று பழுதாகிற எதையும் சரிசெய்வது இ.எம்.இ. ஆயுதம், தளவாடம் வழங்கும் ஆர்டினன்ஸ் பிரிவிலிருந்து பிரிந்து 1943-ல் தனிப்படையானது. அக்டோபர் 15 எங்கள் நாள்.

இரண்டு வேலையும் கைகோத்த இடம் சோஜி லா. 1948 காஷ்மீர் போரில், லடாக் போகும் வழியில் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாய்க்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றினார்கள். வழிப் பாலங்கள் எடை தாங்காது, எதிரிக்கும் தெரியக்கூடாது என்று மேலே பீரங்கியோடு சுழலும் டர்ரெட்டைக் கழற்றிக் கொண்டுபோய், மறுபடி பூட்டினார்கள். பனியில் பாதை போட்டவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. பாதை இருந்தும் டர்ரெட் சரியாக உட்காரவில்லை என்றால் அத்தனை பாடும் வீண்தான்.

போர்க்களத்தில் டாங்கி நின்றுபோனால் அங்கேயே விட்டுவிட்டு வருவார்களா?
- வாசகி, ஆம்பூர்

முடிந்தவரை விடமாட்டோம் அம்மா. ஒவ்வொரு டாங்கி ரெஜிமென்ட்டோடும் எல்.ஏ.டி. (லைட் எய்ட் டிடாச்மென்ட்) என்று எங்கள் ஆட்கள் சிறு குழுவாகக் கூடவே போவார்கள். அதிகாரி கேட்கிற முதல் கேள்வி, 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்பதுதான். சீக்கிரம் முடியும் என்றால் நின்ற இடத்திலேயே வேலை. இல்லையென்றால் பின்னால் இருக்கும் ஃபீல்டு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போவோம். இன்ஜினை முழுசாகப் பிரித்துக் கோர்க்கும் பெரிய வேலையெல்லாம் டெல்லி, கிர்க்கி மாதிரி ஊர்களில் உள்ள பேஸ் ஒர்க்‌ஷாப்பில்.

டி-72 டாங்கி 41 டன். சேற்றில் வயிறு வரை இறங்கிவிட்டால் சேறே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் எடையைத் தூக்குகிற விசை போதாது. சிக்கிய வண்டியை இழுக்கும் ரெக்கவரி வண்டியில், கயிறு சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கும். அதன் கயிற்றை நேராக மாட்டாமல், டாங்கியில் ஒரு கப்பியைக் கோத்து, கயிற்றைத் திருப்பி ரெக்கவரி வண்டிக்கே கொண்டுவந்து கட்டுவோம். இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும், வேகம் பாதியாகும். அந்த இரும்புக்கயிறு விறைத்து ரீங்காரமிடும்போது பக்கத்தில் ஒருத்தர்கூட நிற்கக்கூடாது. அறுந்து வீசினால் ஆளையே வெட்டிவிடும். குண்டு விழுகிற இடத்திலும் இதே வேலைதான். எங்களிடமும் ரைபிள் உண்டு, சுடவும் பயிற்சி உண்டு.

ஆனால் எல்லோரும் இழுக்கிற கதையைத்தான் கேட்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வேலை. ராஜஸ்தானில் டாங்கிக்கு முதல் எதிரி மணல். மாவு மாதிரி இருக்கும் அந்தத் தூசி காற்று வடிகட்டியைத் தாண்டினால் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தேய்த்துத் தின்றுவிடும். ஆவடியில் அவ்வளவு பாடுபட்டுச் செய்த இன்ஜின் தன் ஆயுளில் பாதிகூட ஓடாது. அதனால் பயிற்சி முடிந்து எவ்வளவு களைத்து வந்தாலும் முதலில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் பண்ணு என்பேன். அப்புறம் எண்ணெய். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெயிலில் பார்க்கவேண்டும். மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே ஏதோ உலோகம் உராய்கிறது. அந்த வண்டியை வெளியே விடக்கூடாது, யார் அவசரப்படுத்தினாலும்.

லடாக்கில் கதை வேறு. குளிரில் பேட்டரி பலமிழக்கும், டீசல் மெழுகு கட்டும். இரவில் எழுந்து எழுந்து இன்ஜினை ஓடவிட்டு அணைக்கவேண்டியிருக்கும்.

மகன் ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக். ராணுவத்திலும் ஸ்பேனர்தானா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். சேர்க்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

தாராளமாகச் சேருங்கள். துப்பாக்கி வெடிக்கும் என்று ஒரு ஜவான் நம்பிப் போவதே அதைச் சோதித்துக் கொடுத்தவரை நம்பித்தான். எங்கள் பிரிவில் சிப்பாய்க்கே 'கிராஃப்ட்ஸ்மேன்' என்றுதான் பதவிப் பெயர். அதைக் கௌரவமாகத்தான் நினைக்கிறோம். அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவைப் பாருங்கள். வயது, மதிப்பெண் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ராணுவத்தின் இணையதளத்திலேயே சரிபார்ப்பது நல்லது. செகந்திராபாத், போபாலில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. சரி, ஒரு விஷயம்: தொழில் தெரிந்த பையன்கள் பலர் ஓட்டத்தில் கோட்டை விடுகிறார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தம்பியை இப்போதே தினமும் காலையில் மைதானத்துக்கு அனுப்புங்கள்.