வாசகர் கேள்வி – பதில்: பகை வளர்த்த ராக்கெட்

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மகேந்திரகிரி மலை தெரியும். அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் என்ஜின் சோதனை நடக்கிறது. நாடுகளுக்கிடையே பகை இல்லாதிருந்தால் ராக்கெட் என்ற ஒன்று பிறந்தே இருக்காதா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: பிறந்திருக்கும்; ஆனால் இத்தனை விரைவாகவும் இத்தனை பெரிதாகவும் பிறந்திருக்காது என்பதே என் கருத்து. 1942 அக்டோபரில் வெற்றிகரமாகப் பறந்த ஜெர்மனியின் வி-2 ராக்கெட் ஒரு போர்க் கருவி. போர் முடியும் தறுவாயில் அதை வடிவமைத்த வான் பிரவுனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிடம் சரணடைய, சோவியத் ஒன்றியம் தன் கைக்கு எட்டிய பாகங்களையும் ஆட்களையும் கொண்டு அதே ராக்கெட்டை மறுபடி செய்து பார்த்துப் பாடம் படித்தது.

அடுத்து நடந்ததுதான் சுவையானது. சோவியத் ஹைட்ரஜன் குண்டு கனமாக இருந்ததால், ஏறத்தாழ 5 டன் எடையை அமெரிக்கா வரை சுமக்கக்கூடிய ஆர்-7 ஏவுகணையைச் சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரோலியோவ் வடிவமைக்க வேண்டியிருந்தது. பெரிய எரி அறைக்குள் சுடர் நிலையாக எரியாமல் அதிர்ந்து என்ஜினையே சிதைத்துவிடும் என்பதால், அவர்கள் ஒரே என்ஜினுக்கு நான்கு சிறிய அறைகளை வைத்துச் சமாளித்தார்கள். குண்டைச் சிறிதாக்கக் கற்றிருந்த அமெரிக்கர்களுக்கு அவ்வளவு பெரிய ராக்கெட் தேவைப்படவில்லை. ஆகவே 1957 அக்டோபர் 4 அன்று 83.6 கிலோ எடையுள்ள முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஆர்-7 சுற்றுப்பாதையில் வைத்தபோது, நான்கு மாதம் கழித்து அமெரிக்கா அனுப்ப முடிந்த எக்ஸ்புளோரர்-1 செயற்கைக்கோள் சுமார் 14 கிலோதான் இருந்தது. குண்டு செய்வதில் பின்தங்கியிருந்ததே விண்வெளியில் முந்துவதற்குக் காரணமாயிற்று! 1984-இல் ராகேஷ் சர்மா ஏறிச் சென்றதும் அந்த ஆர்-7 வழிவந்த ராக்கெட்டில்தான்.

நிலவுப் போட்டி தொடங்கிய பிறகு அமெரிக்கா தன் நிலவு ராக்கெட்டான சாட்டர்ன்-5-இன் மேல் அடுக்குகளில் திரவ ஹைட்ரஜனை எரித்தது. சோவியத் தரப்பு தன் என்-1 நிலவு ராக்கெட்டுக்காக ஒரு ஹைட்ரஜன் என்ஜினை உருவாக்கிய போதிலும், 1969 முதல் 1972 வரை ஏவிய நான்கு என்-1 ராக்கெட்டுகளும் தோற்றதால் அந்த என்ஜின் பறக்காமலே முடங்கியது. அதன் வழிவந்த கிரையோஜெனிக் (கடுங்குளிர் திரவ எரிபொருளில் இயங்கும்) என்ஜினையும் தொழில்நுட்பத்தையும்தான் 1991-இல் இந்தியா விலை பேசியது. ஏவுகணைக்குப் பயன்படும் என்று சொல்லி 1992-இல் அமெரிக்கா தடை விதித்தது. மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டிய எரிபொருளை நிரப்பிக்கொண்டு எந்த ஏவுகணையும் மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பதால், அந்தக் காரணம் எனக்கு ஒருபோதும் வலுவாகத் தோன்றியதில்லை. தொழில்நுட்பம் வரவில்லை, ஏழு என்ஜின்கள் மட்டும் வந்தன. உள்நாட்டிலேயே செய்து, உங்கள் மலையடிவாரத்தில் சோதித்து, 2010-இல் ஒருமுறை தோற்று, 2014 ஜனவரி 5 அன்று நம் சொந்த கிரையோஜெனிக் என்ஜின் வென்றது. இன்றைய இஸ்ரோ தலைவரும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவருமான வி. நாராயணன் இத்துறையிலேயே வளர்ந்தவர்.

கேள்வி: 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவியபோது அந்தி வானில் ஆரஞ்சு நிற மேகம் தெரிந்ததாக என் தாத்தா சொல்வார். அது நம் ராக்கெட்டா?
– வாசகி, தக்கலை

பதில்: இல்லை. அந்த மேகம், நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட பிரெஞ்சுக் கருவி மேல்வளிமண்டலத்தில் வெளியிட்ட சோடியம் ஆவி. அதைச் சுமந்து சென்ற நைக்-அப்பாச்சி ராக்கெட் அமெரிக்காவுடையது. அதன் கீழ் அடுக்கு, எதிரி விமானங்களை வீழ்த்துவதற்காக உருவான நைக் ஏவுகணையிலிருந்து வந்தது. சில ஆண்டுகளில் அதே தும்பாக் கடற்கரையிலிருந்து சோவியத் எம்-100 வானிலை ராக்கெட்டுகளும் கிளம்பத் தொடங்கின.