அறைக்குள் இருந்து ட்ரோன் ஓட்டும் வேலையாம்: நம்பிப் பணம் கட்டலாமா?

கேள்வி: தம்பிக்கு 23 வயது. கல்யாண வீடுகளில் மெவிக் ட்ரோன் பறக்கவிட்டு வீடியோ எடுப்பான். ரஷ்யாவில் ட்ரோன் ஓட்டும் வேலை இருக்கிறது என்று ஏஜென்சிக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து சொன்னார். சண்டை நடக்கும் இடத்திலிருந்து 100 மைல் தள்ளி ஏசி அறைக்குள் இருந்துதான் ஓட்டுவதாம், அமெரிக்காக்காரர்களும் அப்படித்தான் ஓட்டுகிறார்களாம். 12 இலட்சம் கேட்கிறார். நகையை அடகு வைக்கலாமா? (ஓர் அக்கா, தலவாக்கலை)

பதில்: வைக்காதீர்கள்.

அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னது பொய் இல்லை. நெவாடா மாநிலத்தில் கிரீச் விமானப்படைத் தளத்தில் உட்கார்ந்தபடி ஆப்கானிஸ்தானுக்கு மேலே ரீப்பர் என்ற ஆளில்லா விமானத்தை ஓட்டினார்கள். ஆனால் ரீப்பர் என்பது 20 மீற்றர் இறக்கை விரிப்புள்ள பெரிய விமானம். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கெமராவைக் கவனிப்பார். சிக்னல் 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதிக்கு ஏறி இறங்கி, தரை நிலையங்களையும் தாண்டிப் போய்வர ஒரு விநாடிக்கு மேல் தாமதமாகும். உயரத்தில் நிதானமாகச் சுற்றும்போது அந்தத் தாமதம் பெரிதாக உறுத்தாது. ஓடுபாதையில் இறக்கும்போது அவ்வளவு தாமதித்தால் விமானமே நொறுங்கிவிடும். அதனால் ஏற்றி இறக்குவதற்கென்று ஒரு குழு போர் நடக்கும் பகுதியின் விமானத் தளத்திலேயே இருந்தது. வானில் ஏறிய பிறகுதான் நெவாடாக்காரர் பொறுப்பெடுப்பார்.

உக்ரைன் போரில் ஆயிரக்கணக்கில் பறப்பவை வேறு வகை. கண்ணில் கண்ணாடித் திரையை மாட்டிக்கொண்டு ஓட்டும் எஃப்.பி.வி. ட்ரோன் இலக்கை நோக்கி மணிக்கு 100 கிலோமீற்றரில் பாய்கிறது என்று வையுங்கள். அது விநாடிக்கு 28 மீற்றர். படம் ஒன்றரை விநாடி பிந்தி வந்தால், ஓட்டுபவர் பார்க்கும் இடத்தை ட்ரோன் 42 மீற்றர் தாண்டிப் போயிருக்கும். அதனால் நேரடி ரேடியோவில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறார்கள். ரேடியோவுக்கோ மறைப்பு ஆகாது. தேயிலை மலையின் அந்தப் பக்கம் இறங்கியதும் போனில் சிக்னல் செத்துப்போகிறதே, அதேபோல ட்ரோன் தாழ இறங்க இறங்க மரமும் மேடும் மறைத்துப் படம் கோடுகோடாக உடையும். பெட்டரியும் கால் மணி நேரம் தாங்கினாலே பெரிது, குளிரில் இன்னும் குறையும். இவ்வளவும் சேர்ந்து ஓட்டுபவரைப் போர் முன்னணிக்குச் சில கிலோமீற்றருக்குள் பதுங்குகுழியிலோ வீட்டின் நிலவறையிலோ கொண்டுபோய் உட்கார்த்துகின்றன. அன்டெனாவை மட்டும் வயர் இழுத்துத் தள்ளி உயரத்தில் கட்டுவார்கள். ரிமோட் வெளியிடும் அலையை வைத்து எதிரி திசை பிடிப்பதால், அடி முதலில் அன்டெனாவில் விழட்டும் என்றுதான்.

தம்பி ஓட்டும் மெவிக்கும் அங்கே பறக்கிறது, வேவு பார்க்க. அந்த ட்ரோன் தன் இருப்பிடத்தையும் ஓட்டுபவரின் இருப்பிடத்தையும் அலையில் சொல்லிக்கொண்டே பறக்கும்படி செய்யப்பட்டது. அதைப் படிக்க ஏரோஸ்கோப் என்ற கருவியை, மெவிக்கைச் செய்யும் டி.ஜே.ஐ. கம்பனியே விற்றது. இந்தக் கசிவை அடைக்க மென்பொருளை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றினாலும், பறந்த ட்ரோன் திரும்பி வந்து இறங்கும் இடத்தை மேலே நிற்கும் எதிரி ட்ரோன் பார்த்துவிடும். ட்ரோன் ஓட்டுபவர்தான் இரு தரப்புக்கும் முதல் இலக்கு என்பதை ஏஜென்சிக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

இப்படிக் கேட்டால், “இப்போது இன்டர்நெட்டில் தூரத்திலிருந்தே ஓட்டலாம்” என்பார். அதையும் விளங்கிக்கொள்ளுங்கள், ஆட்கள் ஏமாறுவது இதில்தான். தாழ்வாகச் சுற்றும் செய்மதியாலோ தரைவழி இணைப்பாலோ தாமதத்தைக் குறைத்து, ஓட்டுபவரைத் தள்ளி உட்கார வைக்க முடியும், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் ட்ரோன் தானாக முன்னணிக்கு நடந்து போகாது. ஒருவர் அதைச் சுமந்துபோய் வைக்க வேண்டும். அன்டெனாவையும் ரூட்டரையும் பொருத்த வேண்டும், ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், பெட்டரி மாற்ற வேண்டும், வெடிமருந்தைக் கட்டி அதன் பூட்டை எடுக்க வேண்டும். அன்டெனா சரிந்தால், குண்டு விழுந்துகொண்டிருந்தாலும், ஏறி நிமிர்த்த வேண்டும். நுண்ணிழைக் கேபிளை அவிழ்த்தபடி பறக்கும் ட்ரோனும் இப்படித்தான். அதில் ரேடியோ அலை இல்லாததால் ஓட்டுபவரைத் திசை பிடிக்க முடியாது, சரி. ஆனால் சுருளில் 10, 20 கிலோமீற்றர் கேபிள் இருந்தாலும் பறக்கவிடுவது முன்னணிக்குப் பக்கத்திலிருந்துதான். வயலில் கிடக்கும் இழை வெயிலில் மின்னி, புறப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பதும் உண்டு.

ஆகவே, ஓட்டுபவரைத் தூரத்தில் வைப்பதா பக்கத்தில் வைப்பதா என்பது இராணுவம் பார்க்கும் கணக்கு. எப்படிப் பார்த்தாலும் முன்னால் ஒருவர் நிற்க வேண்டும். ரஷ்ய மொழி தெரியாத, நேற்று வந்த வெளிநாட்டுப் பையனுக்குத் தள்ளியிருக்கும் கதிரையைக் கொடுத்துவிட்டு, பழகிய தங்கள் ஆளை முன்னால் அனுப்புவார்களா? இராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் எங்கே நிறுத்துவது என்பதைத் தளபதிதான் முடிவு செய்வார். ஏஜென்சிக்காரரின் வாய்வார்த்தை அங்கே எடுபடாது. “ஒரு வருடம்தான்” என்ற பேச்சையும் நம்பாதீர்கள். 2022 செப்டெம்பரில் வந்த ரஷ்ய ஆணை, படைதிரட்டல் முடியும்வரை ஒப்பந்தக்காரரை விடாமல் வைத்திருக்க வழி செய்தது.

ரஷ்ய இராணுவத்தில் 554 இலங்கையர் சேர்ந்ததாகவும் அவர்களில் 59 பேர் இறந்ததாகவும் 2025 தொடக்கத்தில் வெளிநாட்டமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார். அவர்களில் பலர் பாதுகாப்பான வேலை என்று நம்பிப் போனவர்கள்.

செய்ய வேண்டியது இது. ஏஜென்சியின் பெயரையும் அனுமதிப்பத்திர எண்ணையும் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழையுங்கள். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். அந்த நாட்டுக்கு, இந்த வேலைக்கு ஆள் எடுக்க ஒப்புதல் பெற்ற ஓர்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான ஏஜென்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரியும் உப ஏஜென்டுகள் விழுத்தும் குழி இதுதான். விசிட் வீசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பாஸ்போட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் வேண்டாம். “இன்டர்நெஷனல் ட்ரோன் லைசன்ஸ்” என்று தனியாகக் காசு கேட்டால் அது ஏமாற்று.

இதையெல்லாம் நீங்களே தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கோபம். தோட்ட லயத்தில் இருக்கும் குடும்பம் ஒரு கடதாசிக்காகப் பணியகம் இருக்கும் பத்தரமுல்லை போய்வர ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்கிறது. ஏஜென்சிக்காரன் மட்டும் வாசலுக்கே வந்து தமிழில் பேசுகிறான். எச்சரிக்கையும் அதேபோலத் தமிழில், டிவிஷன் டிவிஷனாக வந்திருக்க வேண்டும்.

அடுத்த தடவை வரும்போது “தங்கச்சிக்கும் வேலையோடு படிப்பு இருக்கிறது” என்று தொடங்கினால், எந்த ஊர் என்று கேளுங்கள். ரஷ்யாவுக்குள் இருக்கும் தாதர்ஸ்தானின் அலபுகா என்றால் அங்கே ட்ரோன் தொழிற்சாலை இருக்கிறது. ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இளம்பெண்களைச் சேர்த்து அங்கே ட்ரோன் பூட்ட வைத்தது 2024இல் வெளிவந்தது. உக்ரைன் எல்லைக்கு 1,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தும், 2024 ஏப்ரல் 2ஆம் திகதி உக்ரைன் ட்ரோன் தாக்கியது அங்கே தொழிலாளர் தங்கும் விடுதியைத்தான்.