ஒரு நாடு, ஒரு வாக்கு: டெல்லி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

சர்வதேசச் சட்டம் கற்பித்தவன் என்பதால், ஐ.நா.வில் சின்ன நாடுகளின் இடம் பற்றி நம் டெல்லித் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

முனிர்கா நண்பர்: சார், மால்டா மாதிரி குட்டி நாட்டுக்கு ஐ.நா.வில் என்ன வேலை?

நிறைய. மால்டா விடுதலை பெற்றது 1964இல். மூன்றே வருடத்தில், 1967 நவம்பர் 1 அன்று, அதன் தூதர் ஆர்விட் பார்டோ, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் தலா ஒரு வாக்கு உள்ள ஐ.நா. பொதுச்சபையின் குழுவில் எழுந்து, எந்த நாட்டு எல்லைக்கும் உட்படாத ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று வாதாடினார். கடலடியில் கிடக்கும், மாங்கனீசு போன்ற உலோகங்கள் செறிந்த உருண்டைகளைத் தொழில்நுட்பம் உள்ளவர்களே அள்ளிக்கொண்டு போய்விடுவார்களே என்ற கவலை. 1970இல் அது பொதுச்சபையின் பிரகடனம் ஆனது. 1982 கடல் சட்ட உடன்படிக்கையில் 136ஆம் பிரிவாகவே ஏறிவிட்டது. இன்று இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டரில் அந்த உருண்டைகளைத் தேட, ஜமைக்காவில் இருக்கும் சர்வதேசக் கடல்தரை ஆணையத்தோடு இந்தியா ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் உருவாகும் ஆழ்கடல் வாகனத்துக்குப் பின்னாலும் இந்தக் கதை இருக்கிறது.

ராஜிந்தர் நகர் மாணவர்: மிகச் சிறிய உறுப்பு நாடு எது?

பரப்பில் மொனாக்கோ.

இன்னொரு மாணவர்: வாடிகன் இல்லையா?

வாடிகன் உறுப்பினர் இல்லை, பார்வையாளர். இதையே மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். போதும்.

ஆர்.கே.புரம் நண்பர்: 140 கோடி பேருக்கும் ஒரு வாக்கு, நவ்ருவின் சில ஆயிரம் பேருக்கும் ஒரு வாக்கு. இது அநியாயம்.

எப்போதும் சொல்வதுதான்: பொதுச்சபையையும் பாதுகாப்புச் சபையையும் குழப்பாதீர்கள். தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகள் கையில்தான். சர்வதேச நாணய நிதியத்திலும் பணபலத்துக்கு ஏற்பத்தான் வாக்கு. சின்ன நாடு சமமாக உட்காரும் இடம் பொதுச்சபைதான். அதையும் பிடுங்க வேண்டுமா?

அவரே: யாரையும் கட்டுப்படுத்தாத தீர்மானத்துக்கு வாக்களித்து என்ன பயன்?

சரி, பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைப் பாருங்கள். சுமார் 3 லட்சம் மக்கள். பருவநிலை பற்றிச் சர்வதேச நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்க ஒரு நாட்டுக்குத் தனியாக உரிமை கிடையாது, பொதுச்சபை கேட்கலாம். பசிபிக் சட்ட மாணவர்கள் தொடங்கிய யோசனையை வனுவாட்டு கையில் எடுத்தது. நாடு நாடாக ஆதரவு திரட்டி, 2023 மார்ச் 29 அன்று ஒருமித்த தீர்மானமாக நிறைவேற்றியது. 2025 ஜூலை 23 அன்று, பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று நீதிமன்றம் கருத்துச் சொன்னது. கடல் ஏறிவரும் தீவுக்காரருக்கு இது பெரிய ஆயுதம்.

துவாரகா சகோதரி: ஐ.நா.வில் வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

என் துறை இல்லை அம்மா, அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள்.

மயூர் விஹார் நண்பர்: நம் பக்கத்து நாடுகள் எதுவும் செய்யவில்லையா?

நான் முன்பு சொன்ன 1982 உடன்படிக்கையை உருவாக்கிய கடல் சட்ட மாநாட்டுக்கே முதலில் இலங்கையின் அமரசிங்க தலைவர். 1980இல் அவர் இறந்தபின் முடித்துவைத்தவர் சிங்கப்பூரின் டாமி கோ.