வாசகர் கேள்வி: பந்தி நேரத்தில் மாத்திரை

கேள்வி: காரைக்குடிப் பக்கம், கல்யாணச் சமையல் வேலை. எச்.ஐ.வி.க்காக எட்டு மாதமாக ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை போடுகிறேன். விசேஷ வீட்டில் அப்போதுதான் பந்தி நடக்கும். கூட வேலை செய்பவர்கள் பார்ப்பார்களே என்று இரண்டு மூன்று தடவை விட்டுப்போனது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: இரண்டாகப் போடவே கூடாது. நினைவு வந்தவுடன் ஒன்றைப் போடுங்கள். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லையென்றால், விட்டது விட்டதுதான். வழக்கமான நேரத்துக்குப் போட்டால் போதும்.

அந்த ஒன்பது மணியையே மாற்றிவிடலாமே. இப்போது பெரும்பாலும் தரப்படுவது டி.எல்.டி. மாத்திரை: டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம். வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பிட்ட பிறகும் போடலாம். விடியற்காலை பல் தேய்த்த கையோடு போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது. நேரத்தை எந்த நாளில், எப்படி மாற்றுவது என்று, மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மைய (எச்.ஐ.வி. சிகிச்சை மையம்) ஆலோசகரிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர் போகும்போது இரண்டு நாளுக்குக் கூடுதலாகச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். அடுப்படியில் சூடும் ஆவியும் படும் இடத்தில் பையை வைக்காதீர்கள்.

சமையல்காரர்கள் பலர் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் குடிப்பார்கள். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். மருந்து ரத்தத்தில் ஏறாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலில் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்து மாத்திரை. வெறும் வயிற்றில் சாப்பிடும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளி. நாட்டு மருந்துக் கடை அயச்செந்தூரமும் இரும்புதான். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

அடிக்கடி விட்டால் ரத்தத்தில் மருந்து குறைந்து வைரஸ் பெருகும். அப்படிப் பெருகும்போதுதான் மருந்துக்கு அடங்காத வகை உருவாகிறது. உங்களுக்கு நடந்ததை மையத்தில் அப்படியே சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பதுதான் ஆபத்து. வேலை போய்விடும் என்ற பயமும் வேண்டாம்: எச்.ஐ.வி. இருப்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: ஒரு வருஷமாக மாத்திரை தவறவில்லை. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) பரிசோதனையில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்திருக்கிறது. மனைவிக்கு நோய் இல்லை. இனியும் ஆணுறை வேண்டுமா? இரண்டு தடவை கிழிந்தும் போனது.
(தேவகோட்டை வாசகர்)

பதில்: வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே இருக்கும்வரை உடலுறவு மூலம் மனைவிக்குத் தொற்றாது. உலக சுகாதார நிறுவனமும் இதை உறுதியாகச் சொல்கிறது. நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் வைரஸ் திரும்பிவிடும். மேகவெட்டை, கிரந்தி போன்ற பால்வினை நோய்களை மாத்திரை தடுக்காது, கர்ப்பத்தையும் தடுக்காது. இவற்றுக்கு ஆணுறைதான். எனவே மனைவியோடு கலந்து முடிவெடுங்கள். அவருக்கும் அவ்வப்போது பரிசோதனை நடக்கட்டும்.

கிழிந்ததற்கு எண்ணெய் காரணமாக இருக்கலாம். தேங்காயெண்ணெய், வாசலின் பட்டால் ரப்பர் சில நிமிடங்களில் வலுவிழக்கும். நீர் சார்ந்த ஜெல்தான் சரி. பர்ஸில் வைத்துச் சூடேறியது, காலாவதியானது, நுனியில் காற்று அடைபட்டது எல்லாமே கிழியும். நுனியைக் கிள்ளிப் பிடித்து மாட்டுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாட்டினால் உரசிக் கிழியும்.

வைரல் லோடு தெரியாத, அல்லது மாத்திரை விட்டுப்போன நாட்களில் கிழிந்தால், மனைவியை உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097, கட்டணமில்லா எண்.