இரண்டு நிமிட வேடத்துக்காக வேலையை விடலாமா?

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர், வயது 31. நான்கு வருடமாகக் குறும்படம், வெப் சீரிஸ் என்று நடிக்கிறேன். கூரியர் பையன், வார்டு பாய் மாதிரி இரண்டு நிமிட வேடங்கள்தான். வேலையை விட்டால்தான் பெரிய வேடம் வரும் என்கிறார்கள் நண்பர்கள். விடட்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஹாங் ஞாபகம்தான் வந்தது. 'குங்ஃபூ பாண்டா'வை ஆங்கிலத்தில் பார்த்திருந்தால் அந்த நூடுல்ஸ் கடை அப்பாவின் குரல் காதிலேயே இருக்கும், அவர்தான். 1929-ல் மினியாபொலிஸில் பிறந்தவர், அவரும் சிவில் இன்ஜினியர். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ரோடு வேலை பார்த்துக்கொண்டே, இருந்த லீவையெல்லாம் போட்டு, அது தீர்ந்தால் சிக் லீவு போட்டு (என்ன வியாதி சொன்னாரோ!) நடிக்கப் போனார். ஒன்றரை வருடம் இப்படி ஓட்டிவிட்டுத்தான் ராஜினாமா.

அப்புறமும் பெரிய வேடம் வந்து குவிந்துவிடவில்லை. 'சைனாடவுன்' படத்தில் பட்லர், 'பிளேட் ரன்னர்' படத்தில் கண் செய்கிறவர், இப்படியே 600-க்கும் மேல் சேர்ந்துவிட்டது. 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க டிவி காமெடித் தொடரில் 1991-ல் வந்த ஒரு எபிசோடைத் தேடிப் பாருங்கள். முழுக்க ஒரு சைனீஸ் ஹோட்டலில் டேபிளுக்காகக் காத்திருக்கும் கதை. பசியோடு நிற்பவர்கள் எத்தனை தடவை கேட்டாலும் இவர் பதிவு நோட்டோடு நின்றுகொண்டு "அஞ்சு, பத்து நிமிஷம்" என்கிறார், அவ்வளவுதான். கோபமில்லை, கோமாளித்தனமில்லை, அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார், நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் கிடைத்ததே போதும் என்று சும்மா இருந்தவரும் இல்லை. ஆசியர் வேடங்களையே கண்ணில் டேப் ஒட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் நடித்த காலம் அது. அந்தக் கடுப்பில் 1965-ல் நடிகர் மாக்கோ போன்றவர்களோடு சேர்ந்து 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன், நீளமான வேடம் வேண்டுமென்றால் ஒரு நாடகக் குழுவில் சேருங்கள். ரிகர்சல் சாயங்காலத்தில்தான் இருக்கும், ஆபீஸ் தடுக்காது.

ஹாலிவுட்டில் கலைஞர்களின் பெயரோடு நட்சத்திரம் பதிக்கும் நடைபாதையில் அவருக்கு நட்சத்திரம் பதித்தபோது வயது 93. அதற்கான பணமும் ரசிகர்கள் திரட்டியது.

சரி, உங்களுக்கு இந்த வருடம் எத்தனை நாள் லீவு பாக்கி? முதலில் அதைக் கணக்குப் பண்ணுங்கள். ஷூட்டிங் நாட்கள் அதைத் தாண்டிப் போனால் மறுபடி எழுதுங்கள், அப்போது ராஜினாமா பற்றிப் பேசுவோம்.