வாடகை வீட்டுக்கு ஆறாயிரம் யூரோ ரிசீவர் வேண்டுமா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். ஸ்டுட்கார்ட் வந்தாயிற்று, வேலையில் சோதனைக் காலமும் முடிந்தது, மூன்றாவது மாடியில் இரண்டறை வாடகை வீடும் கிடைத்துவிட்டது. கல்லூரி விடுதியில் இருந்தபோதே ஆசைப்பட்ட ஹோம் தியேட்டரை இனியாவது வாங்கலாம் என்று டெனான் ஏவிசி-ஏ1எச் ரிசீவர் (படத்தின் ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) மேல் கண் வைத்திருக்கிறீர்கள். கொடுக்கிற காசுக்குத் தகுமா, வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள், அறைக்கேற்ப எப்படிச் சரிசெய்வது, நாளைக்கு ஊருக்குத் திரும்பினால் கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பெட்டி என் வீட்டு நிலவறையில் இருக்கிறது. ஆகவே, எட்டாத திராட்சை புளிக்கும் என்கிற கதையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அருமையான சாமான். ஆனால் உங்களுடைய இப்போதைய வீட்டுக்கு அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்தது. ஜப்பானில் ஷிரகாவா ஊரில் உள்ள டெனானின் சொந்த ஆலையில் செய்கிறார்கள். ஒரே பெட்டிக்குள் 15 ஆம்ப்ளிஃபயர், ஒவ்வொன்றும் 150 வாட். எடை 32 கிலோ. (அமெரிக்காவில் இதையே ஏவிஆர் என்று விற்கிறார்கள். இங்கே ஏவிசி. ரேடியோ ட்யூனர் கிடையாது என்பதுதான் முக்கிய வேறுபாடு, குழம்பாதீர்கள்.) இதை வைத்திருக்கும் சிலரை எனக்குப் பழக்கம். வாட் எவ்வளவு, சேனல் (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிப்பாதை) எத்தனை என்று அவர்கள் பேசிக் கேட்டதில்லை. எல்லோரும் முதலில் சொல்வது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, பற்றித்தான். நானும் அதைத்தான் சொல்வேன்.

காரணம் இதுதான். எந்த அறையிலும் தாழ்ந்த ஒலி சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில இடங்களில் குவியும், சில இடங்களில் காணாமல் போகும். சோபாவின் நடுவில் உட்கார்ந்தால் நெஞ்சை அதிர வைக்கும் அதே இடி, ஓர இருக்கைக்கு வந்தால் பிசுபிசுத்துப் போகும். தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர் ஒன்றுதான் என்றால் இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இரண்டு, மூன்று, நான்கு என்று வெவ்வேறு மூலைகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தாமதமும் அளவும் கொடுத்தால் மேடுபள்ளம் பெரிதும் சமனாகும். ஏ1எச்சில் தனித்தனியே இயக்கக்கூடிய நான்கு சப்வூஃபர் வெளியீடுகள் இருக்கின்றன. என் அறையில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பேஸ் ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். அதற்காக நான் கொடுத்த காசைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

சரி, இப்போது உங்கள் மூன்றாவது மாடிக்கு வருவோம். அங்கே நான்கு சப்வூஃபரை என்ன செய்வீர்கள்? ஒன்றையே முழுதாகத் திறந்து வைக்க முடியாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம், ஞாயிறு முழுவதும் அப்படித்தான். மற்ற நேரத்திலும் பக்கத்து வீட்டுக்குள் கேட்காத அளவுக்குத்தான் சத்தம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பேச்சுக் குரலைச் சுவர் தடுத்துவிடும், பேஸை அது தடுக்காது. தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டு அலமாரியில் இருக்கும் கண்ணாடிக் குவளைகளைக் கிணுகிணுக்க வைக்கும். பழைய மரத்தளக் கட்டடம் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே சண்டைக்கு வர மாட்டார்கள். தேதி, மணி எல்லாம் குறித்துவைத்து வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவார்கள். பின்னால் உரிமையாளரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் வரும். உங்கள் முறை வரும் வாரம் படிக்கட்டைக் கூட்டினீர்களா என்று கவனிக்கிற ஊர் இது, சப்வூஃபரைக் கவனிக்க மாட்டார்களா?

அடுத்தது வாட் கணக்கு. டெனானிலேயே எக்ஸ்3800எச் என்று ஒன்று இருக்கிறது. 9 ஆம்ப், ஒவ்வொன்றும் 105 வாட். 150-க்கும் 105-க்கும் நடுவே காதுக்குக் கிடைக்கும் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். அவ்வளவுதான். வாட்டை இரட்டிப்பாக்கினாலே 3 டெசிபல்தான் கூடும். அதிலும் இந்த வாட் கணக்கெல்லாம் இரண்டு சேனலை மட்டும் ஓட்டி எடுத்தது. உங்கள் அறையில், அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும் சத்தத்தில் படம் பார்த்தால், பெரும்பாலான நேரம் ஸ்பீக்கருக்குப் போவது ஒன்றிரண்டு வாட்தான். மீதி நூற்றுச் சொச்சமும் பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அந்த 15 சேனலுக்கும் ஸ்பீக்கர் மாட்டக் கூரை வேண்டும். அட்மாஸுக்காக (மேலிருந்தும் ஒலி வரும் டால்பி முறை) உயர ஸ்பீக்கர் நான்கு என்றே வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் டியூபல் (திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் குழல்) அடித்து, வயர் இழுத்து, அதை மூடி மறைக்க வேண்டும். படம் மாட்ட, அலமாரி நிறுத்த அளவாகத் துளை போட இங்கே வாடகைதாரருக்கு உரிமை உண்டு. ஆனால் காலி செய்யும்போது அடைத்து, வண்ணம் பூசிக் கொடுக்கும்படி கேட்பார்கள். மூன்று மாத வாடகை வரை முன்பணமாக அவர்கள் கையில் இருக்கிறது, மறக்காதீர்கள். எனக்குத் தெரிந்து வாடகை வீட்டில் இந்த மாதிரிப் பெரிய பெட்டி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் ஐந்து ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

வைப்பதற்கு இடமும் யோசிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வாங்கும் அந்த ஐகியா கல்லாக்ஸ் அலமாரிக்கு ஆழம் 39 சென்டிமீட்டர். ஏ1எச் பெட்டியின் ஆழம் அரை மீட்டரை ஒட்டி வரும். பின்னால் எச்டிஎம்ஐ கேபிள் வளைய இன்னும் ஒரு சாண் விடவேண்டும். மேலே காற்றோட்டத்துக்கு இடம் விட்டே ஆக வேண்டும், ஏனென்றால் பாட்டு ஓடாத நேரத்திலும் சூடாகவே இருக்கும். குளிர்காலத்தில் அது சுகம்தான். ஜூலையில், ஏசி இல்லாத மாடி வீட்டில் ஜன்னலைத் திறப்பீர்கள். ஜன்னலைத் திறந்தால் சத்தம் தெருவுக்குப் போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாடி வீட்டுக்காகவே இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆடிஸி எல்எஃப்சி என்று அமைப்பில் பார்ப்பீர்கள். சுவரைத் தாண்டிப் போகும் தாழ்ந்த ஒலியை மட்டும் குறைத்து, பேஸ் இருப்பதுபோன்ற உணர்வைக் காதுக்குத் தக்கவைக்கப் பார்க்கும். அத்தோடு டைனமிக் வால்யூமையும் போட்டுவிட்டால் கிசுகிசுப்பும் குண்டுவெடிப்பும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்துவிடும், ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இரவுக்காட்சிக்கு இரண்டும் நல்ல துணை. ஆனால் இவை எக்ஸ்3800எச்சிலும் அப்படியே இருக்கின்றன. நான்கு சப்வூஃபர் வெளியீடும்கூட அதில் உண்டு. விலை, பெரியதின் விலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. எடை பன்னிரண்டரை கிலோ, ஒரே ஆளாகத் தூக்கிப் படியேறலாம்.

அறைக்கேற்பச் சரிசெய்யும் வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெட்டியோடு ஒரு மைக் தருவார்கள், அதை நிறுத்த அட்டையில் மடித்துச் செய்யும் ஒரு தாங்கியும் தருவார்கள். எத்தனை விலை கொடுத்தாலும் அட்டைதான். கேமரா முக்காலி இருந்தால் அதில் பொருத்திவிடுங்கள், ஆடாமல் நிற்கும். உட்காரும்போது காது இருக்கும் உயரத்தில் வைத்து, எட்டு இடம் வரை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் எல்லா ஸ்பீக்கரும் வரிசையாகக் கூவும். சத்தம் கொஞ்ச நஞ்சமாக இருக்காது. சனிக்கிழமை முற்பகல் பார்த்துச் செய்யுங்கள். முந்தின நாளே படிக்கட்டு வாசலில் ‘நாளை இத்தனை மணிக்குச் சிறிது நேரம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்’ என்று ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் இந்த ஊர்க்காரர்கள் ஆச்சரியமான பொறுமைசாலிகள். டிராக் லைவ் என்று அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் இன்னொரு மென்பொருள் வேண்டும் என்றால் அதற்கு உரிமக் கட்டணம் தனி, பெரிய பெட்டி வாங்கினாலும் தனிதான். ஆறாயிரத்துக்கு மேல் வாங்கிக்கொண்டு இதற்கும் கை நீட்டுகிறார்களே என்று வைத்திருப்பவர்கள் முணுமுணுப்பது நியாயமே.

ஊருக்குக் கொண்டுபோவது பற்றி. மின்சாரத்தில் பிரச்சினை இல்லை. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம்மூரிலும் அதேதான். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் நண்பர் மலிவாக வாங்கித் தருகிறேன் என்றால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 120 வோல்ட் பெட்டி, ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இங்கேயும் ஓடாது, கோயம்புத்தூரிலும் ஓடாது. கரண்ட் வயர் கழற்றி மாட்டுவதுதான், நம்மூர் பிளக் வைத்த வயர் ஒன்று வாங்கினால் போதும். விமானத்தில் ஒரு பெட்டிக்குப் பொதுவாக அனுமதிக்கும் உச்ச எடை 32 கிலோ. ஏ1எச் வெறும் உடம்பே அவ்வளவு, அட்டைப்பெட்டியும் தெர்மோகோலும் சேர்ந்தால் தாண்டிவிடும். கப்பலில்தான் அனுப்ப வேண்டும். வாரன்டி பெரும்பாலும் வாங்கின பகுதியோடு சரி. டிஸ்க் சேர்க்கும் பழக்கம் இருந்தால், இங்கே விற்கும் ப்ளூரே மண்டலம் ‘பி’, இந்தியாவுக்கு ‘சி’. மண்டலம் மாறினால் ப்ளேயர் டிஸ்க்கைப் படிக்காமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் என்ன செய்வது? எக்ஸ்3800எச் அல்லது அதே தரத்தில் வேறு ஏதாவது ஒரு ரிசீவர் வாங்குங்கள். மிச்சமாகும் காசில் ஒரு பங்கை ஸ்பீக்கரில் போடுங்கள். வருடங்கள் போனாலும் பழசாகாதது ஸ்பீக்கர்தான். ரிசீவரில் எச்டிஎம்ஐ மாறும், டால்பி மாறும். 2020-இல் வந்த முதல் தலைமுறை 8கே ரிசீவர்கள் பலவற்றில் சில விளையாட்டுக் கருவிகளின் 4கே 120 ஹெர்ட்ஸ் சிக்னல் சரியாகக் கடக்காமல், அதற்கென்று தனி அடாப்டர் கொடுக்கும்படி ஆயிற்று. பழைய பெட்டி வாங்குவதாக இருந்தால் அந்த வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்பீக்கருக்கு இப்படி எந்த வம்பும் கிடையாது.

உங்களுக்கு அதிர்ஷ்டம் ஒன்று, பக்கத்திலேயே ஷ்வேபிஷ் க்மூண்ட் இருக்கிறது. ரயிலேறினால் ஒரு மணிக்குள் போய்விடலாம். ஸ்பீக்கர் செய்யும் நூபர்ட் கம்பெனி அங்கேதான், கேட்டுப் பார்க்க அறை வைத்திருக்கிறார்கள், வீட்டுக்கு வாங்கிப் போய்க் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திருப்பியும் கொடுக்கலாம். எந்தக் கடையானாலும் இணையத்தில் வாங்கினால் 14 நாள் திருப்பும் உரிமை சட்டப்படி உண்டு. கடையில் நேரில் வாங்கினால் அது கிடையாது, கடைக்காரர் மனம் வைத்தால்தான். முன்னே இரண்டு புத்தக அலமாரி ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு, ஒரு சின்ன மூடிய பெட்டி சப்வூஃபர், அதற்கடியில் ரப்பர் மெத்தை. உங்கள் அறைக்கு இது தாராளம். வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றால் நடு ஸ்பீக்கரில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் படங்களை ஓடிடியில் பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், பல நேரம் இசை மேலேறி வசனத்தை அமுக்கிவிடும்.

அடுத்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. அங்கே சமையலறையே இல்லாமல் வெறும் சுவரையும் குழாயையும் காட்டி இதுதான் வீடு என்பார்கள், அப்போது அடுப்பு, அலமாரி, சிங்க் எல்லாம் நீங்கள் வாங்கி மாட்ட வேண்டிவரும். அதற்குக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) இருக்கிறீர்கள் என்றால் பி1 என்கிற நடுத்தர நிலை ஜெர்மன் முடித்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அதன்பின் சொந்த வீடு, நிலவறை என்று யோசனை வரும். அந்த நேரம் ஏ1எச் விலை இறங்கியிருக்கும், இல்லையென்றால் அதை விட நல்லதாக ஒன்று வந்திருக்கும்.

அதற்குள் கேட்டே ஆக வேண்டும் என்று கை அரித்தால் ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடும் இங்கேயே. உங்களுக்கு வரிக்கு வரி தெரிந்த படம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், புதுப் படத்தில் எது நல்ல சத்தம் என்று யாருக்கும் தெரியாது.